கணித ஆசிரியரை ஆக்குதல் யார் கடன்?

ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வெளியானதும் எம் நாட்டிலே ஒரு விழாக்கோலம் தோன்றுகின்றது. உயர்தரப் பரீட்சையில் முன்னணியில் நின்றோரின் படங்கள் பத்திரிகைகளை நிரப்புகின்றன. கல்லூரி வாயில்களிலே வாழ்த்துப் பதாகைகள் தொங்குகின்றன. மருத்துவத்துக்கு எத்தனை பேர், பொறியியலுக்கு எத்தனை பேர் என்று ஊருக்கு ஊர் எண்ணி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி தவறன்று, உழைத்துப் படித்த பிள்ளைக்கு ஊர் செய்யும் மரியாதை அது. ஆயின், அதே ஊரில், அதே ஆண்டில், சாதாரண தரப் பரீட்சையிலே கணிதம் என்னும் ஒரு பாடத்திலே தவறியமையால் வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவார் யார்? தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி பெற்றாலன்றி உயர்தர வகுப்பின் படியை மிதித்தல் அரிது என்பது இந்நாட்டின் பொது விதி. அவ்விதியாலே தடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பதாகை இல்லை; படம் இல்லை; அவன் பொருட்டுப் பேசுவாரும் இல்லை.

அப்பிள்ளையை மந்தன் என்று சொல்லி அப்பாற் செல்லுதல் எளிது. ஆனால் உண்மை அதுவோ? தகப்பனோடு சந்தைக்குச் சென்று, வெங்காயத்தின் நிறையையும் விலையையும் தரகையும் மனத்தாலே கணித்துச் சொல்லும் பிள்ளை, வகுப்பறையிலே ஒரு பின்னத்தைக் கண்டதும் மிரளுகின்றானெனின், குறை அவன் மூளையிலே இருத்தல் இயலாது. அவனுக்குக் கற்பிக்க நிற்பவரிடத்திலே குறை என்று சொல்லவும் நாம் வரவில்லை. அவரும் எம்மவரே; தமக்குக் கற்பிக்கப்பட்டவாறே கற்பிக்கின்றார். குறை, விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியரை நாம் ஆக்குகின்ற முறையிலே இருக்கின்றது. அக்குறையை நீக்கும் கடன் எவருடையது என்பதே இன்று நாம் எழுப்பும் வினா.

கல்வி உரிமைக்காகத் தமிழ் மக்கள் போராடாதவர்கள் அல்லர். 1971ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் புகுவதற்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 229 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டபோது இக்குடாநாடு கொதித்தெழுந்தது. தரப்படுத்தல் என்ற அச்சொல் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. அக்கொதிப்பு நியாயமானது. ஆனால், பல்கலைக் கழகத்தின் வாயிலிலே நின்று நீதி கேட்ட நாம், ஆறாம் வகுப்பின் வாயிலிலே என்ன நடக்கின்றது என்று எட்டிப் பார்த்தோமா? பல்கலைக் கழக வாயிலை அடைந்த பின் தடுக்கப்படுபவர் சிலர். அவ்வாயிலை அடையும் வழியிலேயே விழுந்துவிடுபவர் பலர். முன்னையோருக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் செய்தவர் யாரென்று விரல் நீட்டிக் காட்டலாம். பின்னையோருக்கு இழைக்கப்படும் அநீதியிலே எமக்கும் பங்குண்டு.

கணிதம் தெரிந்த எவரும் கணிதம் கற்பிக்கலாம் என்பது எம்மிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு ஒரு சான்று தருவோம். லிப்பிங் மா என்னும் சீன அம்மையார், அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும் ஒரே கணக்கைக் கொடுத்துச் சோதித்து, தாம் கண்டதை 1999ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கணக்கு இதுதான்: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் விடை யாது? அதன் கருத்து விளங்குமாறு பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுக.

அமெரிக்க ஆசிரியருள் சரியான விடையை முற்றாகக் கண்டவர் பாதிக்கும் குறைந்தவர். பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர் 72 பேரும் விடை கண்டனர். அவர்களுட் பத்துக்கு ஒன்பது பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். இவர்களுட் பட்டம் பெற்றவர் எவர் என்று நினைக்கின்றீர்கள்? அமெரிக்கரே. சீன ஆசிரியரோ ஒன்பதாம் வகுப்பின் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் தாம் கற்பிக்கும் சிறு கணக்கை அதன் அடிவேர் வரை அறிந்தவர்கள். பாடநூலைத் தாமே ஆழ்ந்து படித்து, சக ஆசிரியரோடு கூடியிருந்து ஆராய்ந்து வகுப்புக்குச் செல்பவர்கள்.

இக்கணக்கை எம் மண்ணிலே வைத்துப் பாருங்கள். ஒன்றே முக்காற் பரப்புக் காணி இருக்கின்றது. அதை அரைப் பரப்புத் துண்டுகளாகப் பிரித்தால் எத்தனை துண்டுகள் வரும்? ஒரு பரப்பிலே இரண்டு துண்டு, முக்காற் பரப்பிலே ஒன்றரைத் துண்டு, ஆக மூன்றரை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசும், பங்கு பிரிக்கும் கமக்காரரும் நாள்தோறும் செய்யும் கணக்கு இது. இதையே வகுப்பறையில், ‘பின்னதைத் தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று ஒரு மந்திரமாக ஓதிவிடுகின்றோம். ‘வகுத்தால் எண் குறைய வேண்டுமே, இங்கே ஏன் கூடியது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘சொன்னதைச் செய்’ என்பதே பல வகுப்புகளிற் கிடைக்கும் மறுமொழி. அந்த நொடியிலே அப்பிள்ளை கணிதத்தைக் கைவிடுகின்றான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று சொல்லும் நாட்டிலே, பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயரிட்டு, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடியிலே பிள்ளைகளுக்குப் பழக்கிய ஓர் இனத்திலே, பின்னம் பேயாகத் தோன்றுவது எத்துணை வெட்கம்!

கணிதத்தின் நிலை இதுவெனின் விஞ்ஞானத்தின் நிலை யாது? நெம்புகோலின் தத்துவத்தைப் பாடநூற் படத்தைக் காட்டி விளக்குகின்றோம். எங்கள் தோட்டக் கிணறுகளிலே தலைமுறை தலைமுறையாக ஆடிய துலா நெம்புகோல் அன்றி வேறென்ன? ஆடுகாலிலே பொருந்திய அச்சே அதன் சுழலிடம். பட்டையிலே நிறைந்த நீர் பாரம். துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்தவனின் உடல் நிறை அப்பாரத்தைத் தூக்கும் விசை. அவன் ஏன் நுனி நோக்கி நடந்தான் என்று கேட்டால் திருப்புத்திறன் என்னும் பாடம் முழுவதும் அதிலே அடங்கிவிடும்.

இதனினும் பெரிய பாடம் அக்கிணற்றின் அடியிலே கிடக்கின்றது. எம் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள கடல் நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே எங்கள் குடிநீர். அதுவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உயிர். நன்னீரின் அடர்த்தி 1.000 எனின் கடல் நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025, வித்தியாசம் 0.025. ஒன்றை இதனால் வகுத்தால் நாற்பது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட உண்மை இது. இதை மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். அளவு மீறி இறைத்து மேல் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கிற் கடல் நீர் நாற்பது அடி மேலேறி வர இடமுண்டு! கிணறு உவராகும், தோட்டம் பாழாகும். பயிருக்கு மிதமிஞ்சி இட்ட உரத்தின் நைத்திரேற்றும் அதே நீரிலே இறங்கிச் சேருகின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

உறவுகளே, இந்நிலையில் ஒன்றைச் சிந்தியுங்கள். வகுத்தால் எண் கூடவும் கூடும் என்று விளங்காத பிள்ளைக்கு இந்த நாற்பது அடி விளங்குமா? நாளை அக்கிணற்றுக்கு உரியவன் அவன்தானே? நீரிறைக்கும் இயந்திரத்தை எப்பொழுது நிறுத்துவது என்று முடிவு செய்பவனும் அவன்தானே? ஆகவே இது பரீட்சைப் புள்ளி பற்றிய வழக்கன்று. இக்குடாநாட்டிலே எம் மக்கள் தொடர்ந்து குடியிருப்பது பற்றிய வழக்கு.

‘ஆய்வுகூடம் இல்லை, கருவிகள் இல்லை, போர் யாவற்றையும் அழித்துவிட்டது’ என்பர் சிலர். போர் அழித்தது மெய். ஆயின் இரண்டாம் உலகப் போரினால் அழிந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியருக்கென்றே, 1948ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்டீவன்சன் என்னும் ஆங்கில ஆசிரியரைக் கொண்டு ஒரு கைந்நூல் ஆக்குவித்தது. தகரப் பேணி, போத்தல், நூல், மெழுகுதிரி ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு பரிசோதனைகள் செய்வது எங்ஙனம் என்று காட்டும் நெறி அது. 1956இல் அது விரிந்து உலகெங்கும் பரவிய பெருநூலாயிற்று. உப்புக் கரைத்த நீரின் மேல் நிறமூட்டிய நன்னீரைக் கரண்டியால் மெல்ல ஊற்றினால் அது மேலே மிதந்து நிற்கும். குடாநாட்டின் கிணற்று நீர் முழுவதையும் ஒரு கண்ணாடிக் குவளையிலே காட்டிவிடலாம்! அதற்கு வேண்டியது கருவியன்று. அவ்வாறு காட்டப் பழகிய ஆசிரியர்.

இத்தகைய ஆசிரியரை ஆக்கும் மரபு எமக்குப் புதியதுமன்று. 1823இல் தொடங்கி 1855 வரை நிலவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே கணிதமும் வான சாத்திரமும் உயர் நிலையிற் கற்பிக்கப்பட்டன. அங்கே உருவாகி அங்கேயே கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை பீசகணிதத்தைத் தமிழிலே நூலாக்கினார். மானிப்பாயிலே மருத்துவர் கிறீன், முதலிற் கலைச்சொற்களை ஆக்கினார். பின்னர் நூல்களைத் தமிழாக்கினார். அதன் பின்னரே தமிழிலே மருத்துவம் கற்பித்தார். கற்பிப்பதற்கு முன் கற்பித்தலுக்கு ஆயத்தம் செய்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு அவரிடத்தே இருந்தது. எம் வடமராட்சியிலும், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற எலியேசர் கேம்பிறிட்ஜ் வரை சென்று, இலங்கைப் பல்கலைக் கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். உடுப்பிட்டியும், அயலிலுள்ள பருத்தித்துறையும் கரவெட்டியும் வல்வெட்டித்துறையும் பெரும் பள்ளிகளை வளர்த்த ஊர்கள். ஆனால் பெரும் பள்ளியின் சிறப்பு அடுத்த ஒழுங்கையிலுள்ள சிறு பள்ளிக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை.

இன்று ஆசிரியர் எவ்வாறு ஆக்கப்படுகின்றனர்? ஒரு வழி, தேசிய கல்வியியற் கல்லூரி. பல்கலைக் கழகம் புகாத உயர்தர மாணவர் அங்கே இரண்டாண்டு தங்கிப் பயின்று, ஓராண்டு கட்டுறுப் பயிற்சியாகப் பள்ளியிற் பணி செய்கின்றனர். இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறன் மிக்க பிள்ளை பொறியியலையும் மருத்துவத்தையும் நாடிச் சென்ற பின், எஞ்சிய இடமாகவே ஆசிரியத் தொழிலை எம் சமுதாயம் எண்ணுகின்றது. மறு வழி, பட்டதாரி நியமனம். வேலையற்ற பட்டதாரிகளின் எண்ணிக்கை பெருகி, அவர்கள் வீதியிலே நின்று குரல் எழுப்பும்போது, அரசாங்கம் அவர்களைக் கூட்டங் கூட்டமாகச் சேவையிற் சேர்க்கின்றது. வேலை தேடுவோரின் துன்பத்தைத் தீர்க்கும் மருந்தாக ஆசிரிய நியமனத்தைக் கையாளுவது, இரு திறத்தார்க்கும் செய்யும் அநீதியன்றோ? பயிற்சியின்றி வகுப்பறைக்குட் செல்பவர், நீந்தப் பழகுமுன் ஆழியிலே இறக்கப்பட்டவர் போலத் திகைக்கின்றார். கற்பித்தற் பயிற்சி சில ஆண்டு கழித்தே அவரை வந்து அடைகின்றது.

இவ்விரண்டாம் வழியிலே இன்னோர் இடரும் உண்டு. பல்கலைக் கழகத்திலே விஞ்ஞானப் பட்டதாரி ஆங்கிலத்திற் பயில்கின்றார். பள்ளியிலே தமிழிற் கற்பிக்கின்றார். அரசகரும மொழித் திணைக்களக் காலந்தொட்டு எமக்குக் கலைச்சொற்கள் உண்டு. தமிழ்நாட்டினர் வேதியியல், இயற்பியல் என்பவற்றை நாம் இரசாயனவியல், பௌதிகவியல் என்கின்றோம். இருநாட்டு நூல்களையும் ஆங்கில நூலையும் ஒருங்கு கற்றுப் பிள்ளைக்கு ஏற்றவாறு எடுத்துரைக்கப் பட்டதாரிக்கு எவரும் பழக்குவதில்லை. ஆதலின் அவர் குறிப்பைக் கரும்பலகையில் எழுதுகின்றார்; பிள்ளை கொப்பியிற் பார்த்தெழுதுகின்றது; விஞ்ஞானம் இருவரையும் தொடாமற் சென்றுவிடுகின்றது.

போர்க் காலத்திலே வேதனமின்றியும் அற்ப வேதனத்தோடும் தொண்டர் ஆசிரியராய் நின்று பள்ளிகளைக் காத்தோரை இங்கு நன்றியோடு நினைக்கின்றோம். அவர்கள் செய்தது பெருந்தொண்டு. ஆனால் ஆபத்துக் காலத்து ஏற்பாட்டை நிரந்தர முறையாக்குதல் அரசுக்கு அழகன்று.

‘ரியூட்டரிகள் இருக்கின்றனவே’ என்று கேட்போரும் உளர். அங்கே வல்ல ஆசிரியர் பலர் இருப்பதை மறுக்கமாட்டோம். ஆனால் ரியூட்டரி வினாத்தாளுக்கு விடையெழுதப் பழக்குவது. காசு கொடுக்கக் கூடியவருக்குத் திறந்திருப்பது. நாட்கூலியின் பிள்ளைக்கும், கடலுக்குச் செல்பவரின் பிள்ளைக்கும், வன்னியிலே காட்டோரக் குடியேற்றத்திலுள்ள பிள்ளைக்கும் அரசாங்கப் பள்ளியின் ஆசிரியரே கதி. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்திலே, இதே வடமராட்சியில் சூரனார் தேவரையாளியிலே ஒரு கல்விக்கூடத்தை எழுப்பினார். அவர் திறந்த கதவு இன்று வேறு வடிவத்தில் அடைபட இடங்கொடுக்கலாமா? கணிதமும் விஞ்ஞானமும் பணத்துக்கு விற்கும் பண்டமானால், பழைய வேலி புதிய கம்பியாலே மீண்டும் அடைக்கப்பட்டது என்றே பொருள்.

செய்யக்கூடியது யாது? முதலில், அதிகாரம் எங்கே இருக்கின்றது என்று பார்ப்போம். கல்வியியற் கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் மத்திய அரசாங்கத்தின் கையில். ஆயின் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், தேசிய கல்வி நிறுவகத்தின் முன் அங்கீகாரத்தோடு ஆசிரியருக்குச் சேவைக்காலப் பயிற்சி நடத்தும் பொறுப்பை மாகாணத்துக்குக் கொடுத்துள்ளது. 2013இலே தெரிவான முதலாவது வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாகாணக் கல்வித் திணைக்களம் இருக்கின்றது; சட்டம் இருக்கின்றது. இருக்கும் அதிகாரத்தை முழுமையாகக் கையாளாதவர், இல்லாத அதிகாரத்தைக் கேட்கும்போது அவர் குரல் வலுவிழந்துவிடும்.

மத்தியப் பிரதேசத்தின் ஹொசங்காபாத் மாவட்டத்திலே நடந்ததை இங்கு கருதுதல் நன்று. கிராமத் தொண்டு நிறுவனங்கள் இரண்டு, 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளிலே ஒரு முயற்சி தொடங்கின. பிள்ளைகள் தாமே பரிசோதனை செய்து கற்றனர். ஆசிரியர் விடுமுறையிலே பயிற்சி பெற்றனர்; மாதந்தோறும் கூடித் தம் வகுப்பறை இடர்களை ஆராய்ந்தனர். பல்கலைக் கழக விஞ்ஞானிகள் வந்து அவர்களோடு தரையில் இருந்து பேசினர். 1978இலே மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. 2002இல் மாநில அரசாங்கம் ஒரு கட்டளையால் அதை நிறுத்திவிட்டது. இதிலே எமக்கு இரு பாடங்கள். ஏழைக் கமக்காரரின் நாட்டிலும் இது கைகூடும் என்பது ஒன்று. மக்களின் ஆதரவை அரணாகக் கொள்ளாத நற்செயலை அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து அழித்துவிடும் என்பது மற்றொன்று.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் கணித, விஞ்ஞான ஆசிரியர் இரு வாரத்துக்கு ஒருமுறை, பாடசாலை நேரத்துள்ளேயே கூடி, அடுத்து வரும் பாடத்தை ஆராய்வதற்கு அரை நாள் ஒதுக்குக. பட்டதாரி எவரும், அனுபவம் மிக்க ஓர் ஆசிரியரோடு ஒரு தவணையேனும் உடனிருந்து பழகாமல் வகுப்பைத் தனியே ஏற்றல் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழக விஞ்ஞான பீடமும் கோப்பாயிலுள்ள கல்வியியற் கல்லூரியும் சேர்ந்து, ஆசிரியராக விரும்பும் மாணவருக்குத் தமிழிலே கற்பிக்கும் பயிற்சியை அளிக்க முன்வருக. பயிற்சி முடித்தவர் முதலாண்டுகளை ஆசிரியர் இல்லாத கிராமத்திலே கழிப்பாராக. அக்கிராமம் அவருக்கு உறைவிடமும் உணவும் மரியாதையும் கொடுப்பதாக.

இவற்றின் மேல், எம் மக்களிடத்திலே ஒரு விண்ணப்பம். உள்ளூரிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர் சங்கங்கள் தம் கல்லூரிகளுக்கு வாரி வழங்குகின்றன. மண்டபம் எழுகின்றது, வளைவு எழுகின்றது, நூற்றாண்டு மலர் வெளிவருகின்றது. அப்பணத்தில் ஒரு பங்கை, கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்க விரும்பும் பிள்ளைக்குப் புலமைப்பரிசிலாகக் கொடுத்து, ‘ஐந்தாண்டு எம் ஊரிலே கற்பிப்பேன்’ என்று ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டால் என்ன? வளைவின் கீழாற் பிள்ளைகள் நடந்துபோவார்கள். நல்ல ஆசிரியரின் கீழ் அவர்கள் வளர்வார்கள்.

கணித ஆசிரியரை ஆக்குதல் அரசாங்கத்தின் கடன். அதை இடித்துக் கேட்டல் அரசியலாளர் கடன். பயிற்றுவித்தல் பல்கலைக் கழகத்தின் கடன். தாங்குதல் ஊரின் கடன். இக்கடன்களை ஒருவர் மேல் ஒருவர் சுமத்திக் காலம் கடத்துவோமாயின், அவற்றைத் தீர்க்கும் சுமை, உவர் நீர்க் கிணற்றோரத்திலே நின்று காரணம் அறியாது கலங்கும் எம் பேரப்பிள்ளைகளின் தலையிலே விழும். அந்நிலை வருமுன் விழித்தெழுவோமாக!